வாழிடத் தொடர்ச்சியும் மரபு வளமும்: சிங்கப்பூரின் சிறு பாலூட்டிகளை முன்வைத்து



மொழிப் பேரவையின் பொதுச் சொற்பொழிவு வரிசையில், மொழியியல் பயின்ற ஒருவர் அணிலையும் வௌவாலையும் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். இத்தலைப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் இரண்டு. அறிவியற் பொருளைத் தமிழில் விளக்கமாகச் சொல்ல முடியும் என்பதைச் சொல்லிக்கொண்டிருப்பதைவிடச் செய்து காட்டுவதே நன்று என்பது ஒன்று. பிரிவு, கலப்பு, இழப்பு, நகர்வு ஆகியவற்றை மொழியியலாரும் மரபியலாரும் நூற்றாண்டுக்கு மேலாக ஒருவரிடமிருந்து ஒருவர் கடன்வாங்கிச் சிந்தித்து வந்துள்ளனர் என்பது மற்றொன்று. அக்கடனில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துக் காண்பது நமக்குப் பயன்தரும்.

இன்று நாம் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே. ஒரு சிறிய உயிரினக் கூட்டம் நிலைப்பதற்கு, அது வாழும் நிலத்தின் பரப்பு மட்டும் போதாது. அதன் தலைகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. பக்கத்துக் கூட்டத்திலிருந்து அவ்வப்போது ஓர் உயிராவது கடந்து வரும் வழியும் வேண்டும். அவ்வழி அடைபட்டால், கண்ணுக்குத் தெரியாத ஓர் இழப்பு தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

1. சொல்லும் பொருளும்

முதலில் சில சொற்களை வரையறுத்துக்கொள்வோம்.

ஓர் உயிரினம் உண்டு, உறங்கி, இனம் பெருக்கும் இடம் அதன் வாழிடம். வாழிடத்தின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு அவ்வுயிர் தடையின்றிச் செல்ல முடியுமாயின், அதனை வாழிடத் தொடர்ச்சி என்கிறோம். 'இணைப்பு' என்ற சொல்லும் வழக்கில் உண்டு. ஆயினும், இணைப்பு என்னும்போது இணைப்பவர் ஒருவர் உளர் என்ற குறிப்பு வந்துவிடுகிறது. காடு முதலில் தொடர்ச்சியாகத்தான் இருந்தது, துண்டாக்கியவர் நாம். ஆதலின் இயல்பான நிலைக்குத் 'தொடர்ச்சி' என்றும், துண்டானபின் மனிதர் அமைத்துத் தருவதற்கு 'இணைப்பு' என்றும் சொல்வது பொருத்தமாகும்.

இரு காடுகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய பசும்பாதையைத் தமிழ்நாட்டில் 'வழித்தடம்' என்கின்றனர். யானை வழித்தடம் என்னும் தொடரைச் செய்தித்தாள்களில் அனைவரும் படித்திருப்போம். தடம் என்பது காலடிச் சுவடு. பலகாலும் நடந்து நடந்து உண்டான வழி என்பதே சொல்லின் உட்பொருள். வரைபடத்தில் கோடு கிழித்து உண்டாக்குவது வழி. நடந்து உண்டாவதே தடம். இவ்வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னர் பயன்படும்.

ஒரு கூட்டத்தின் உயிர்கள் யாவும் ஒரே மரபணு வடிவங்களைக் கொண்டிருப்பதில்லை. ஒரே மரபணு இரண்டு, மூன்று, பல மாற்று வடிவங்களில் கூட்டத்திற்குள் உலவுகிறது. இவ்வகைமையே மரபணு வேறுபாடு. புதிய நோய் வரும்போதும், மழையும் வெப்பமும் மாறும்போதும், ஏதேனும் ஒரு வடிவம் கைகொடுக்கும். வேறுபாடு மிகுந்த கூட்டம் பல விதை சேர்த்து வைத்த உழவரைப் போன்றது. வேறுபாடு குன்றிய கூட்டம் ஒரே விதையை நம்பியிருப்பது.

சிறு பாலூட்டிகளின் பெயர்களில் மொழி மாணவர்க்கு இனிய செய்தி ஒன்று உண்டு. அணிலைப் போலத் தோன்றும், ஆனால் அணிலினத்தைச் சேராத மர மூஞ்சூறு என்னும் விலங்கின் ஒரு பேரினத்திற்கு அறிவியலார் இட்ட பெயர் 'டுபாயா'. அணிலைக் குறிக்கும் 'துப்பாய்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து அது பிறந்தது. தென்னிந்தியாவில் வாழும் அதன் உறவினத்திற்கு இட்ட பேரினப் பெயர் 'அனத்தானா'. 'மூங்கில் அணத்தான்' என்ற தமிழ்ப் பெயரே அதன் மூலம். நெருங்கிய உறவுடைய இரு விலங்குகளுள் ஒன்று மலாயிலும் மற்றொன்று தமிழிலும் உலக அறிவியலுக்குள் நுழைந்திருக்கின்றன. உடலைச் சுருட்டிக்கொள்ளும் அழுங்கின் ஆங்கிலப் பெயரும் சுருள்வதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே. இவ்வட்டார மக்கள் தம்மைச் சூழ்ந்த சிற்றுயிர்களை அறிந்தும் பெயரிட்டும் வாழ்ந்தனர் என்பதற்கு இவை சான்று.

2. சிறு கூட்டத்தின் கணக்கு

துண்டான காட்டில் மரபணு வேறுபாடு ஏன் குறைகிறது? இதற்கு வேட்டையோ, நோயோ, பஞ்சமோ தேவையில்லை. தற்செயல் ஒன்றே போதும்.

ஒரு தாய் அணில் தன்னிடமுள்ள இரு மாற்று வடிவங்களுள் ஒன்றை மட்டுமே ஒவ்வொரு குட்டிக்கும் வழங்குகிறது. எது செல்லும் என்பது காசு சுண்டுவதைப் போன்றது. பெருங்கூட்டத்தில் இத்தற்செயல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். சிறு கூட்டத்தில் அவ்வாறு நிகழாது. அருகிய வடிவத்தைத் தாங்கிய இரண்டு மூன்று உயிர்கள் குட்டி ஈனாமல் மடிந்தால், அவ்வடிவம் அக்கூட்டத்திலிருந்து அடியோடு மறைந்துவிடும். நல்லது, தீயது என்ற தேர்வின்றி நிகழும் இம்மாற்றத்தை மரபியல் நகர்வு என்கிறோம்.

இதன் வேகத்தைக் கணக்கிடலாம். சமமாகக் கலந்து இனம் பெருக்கும் உயிர்களின் எண்ணிக்கையை இரட்டித்து, ஒன்றை அதனால் வகுத்தால், ஒரு தலைமுறையில் இழக்கப்படும் வேறுபாட்டின் பங்கு கிடைக்கும். 100 உயிர்கள் எனில் 200இல் ஒரு பங்கு, அதாவது 0.5 விழுக்காடு. 10 உயிர்கள் எனில் 20இல் ஒரு பங்கு, அதாவது 5 விழுக்காடு. இருபது தலைமுறை கழித்துப் பாருங்கள். முதற் கூட்டத்தில் தொடக்க வேறுபாட்டின் 90 விழுக்காடு எஞ்சும். இரண்டாவதில் எஞ்சுவது ஏறத்தாழ 36 விழுக்காடே. யானைக்கு இருபது தலைமுறை என்பது பல நூற்றாண்டு. எலிக்கும் மர மூஞ்சூறுக்கும் அது இருபது ஆண்டுக்குள் முடிந்துவிடலாம். சிறு பாலூட்டிகளை ஆய்வாளர்கள் நாடுவதற்கு இதுவே முதற் காரணம். பெரிய விலங்கில் நம் பேரர்கள் காணவிருக்கும் விளைவைச் சிற்றுயிர்கள் நம் வாழ்நாளிலேயே காட்டிவிடுகின்றன.

இங்கே 'உயிர்களின் எண்ணிக்கை' என்பது காட்டில் எண்ணிய தலைகளின் தொகை அன்று. இனம் பெருக்காதவை, மிக இளையவை, மிக முதியவை கழிந்தபின் உண்மையில் அடுத்த தலைமுறைக்குப் பங்களிப்பவற்றைக் குறிக்கும் அளவு அது. பெரும்பாலும் அது தலைத்தொகையினும் மிகச் சிறியதாகவே இருக்கும்.

இக்கணக்கில் நம்பிக்கை தரும் மறுபக்கமும் உண்டு. மரபியலறிஞர் செவால் ரைட் 1931இல் விரிவாக எழுதிய கோட்பாட்டிலிருந்து வளர்ந்த ஒரு நடைமுறை விதி, ஒரு தலைமுறைக்கு ஓர் உயிர் வெளியிலிருந்து வந்து இனம் பெருக்கினால், இரு கூட்டங்களும் முற்றாக விலகிப் போகாமல் காக்கலாம் என்கிறது. கூட்டம் பெரிதா சிறிதா என்பதை அவ்விதி பொருட்படுத்துவதில்லை. சிறு கூட்டத்தில் நகர்வு வேகமானது. ஆனால் அங்கே வந்து சேரும் ஒரே உயிரின் பங்கும் பெரிது. ஒன்று மற்றொன்றைச் சமன் செய்கிறது. நடைமுறையில் ஒன்று போதாது, பத்து வரை வேண்டியிருக்கலாம் என்று பின்வந்த ஆய்வாளர்கள் திருத்தினர். அவ்வாறு திருத்தினும் எண் சிறியதே. ஆயிரக்கணக்கில் உயிர்கள் கடக்க வேண்டுவதில்லை. சில கடந்தாற் போதும். ஆனால் அச்சிலவும் கடக்க முடியாத நிலையே நம் நகரங்கள் உண்டாக்கும் நிலை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்து காட்டலாம். நம் பூங்காக்களில் உதிர்ந்து கிடக்கும் மஞ்சாடி விதைகளை மாணவர் அறிவர். மலாயில் அதனைச் 'சாகா' என்பர். ஒரு பையில் பத்து மஞ்சாடி விதையும் பத்துப் புளியங்கொட்டையும் இடுக. பத்து விலங்குகளின் இருபது மரபணுப் படிகள் அவை. பாராமல் ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு, பையிலேயே திரும்ப இடுக. இருபது முறை இவ்வாறு எடுத்தபின், கிடைத்த விகிதப்படி பையை மீண்டும் நிரப்புக. அது அடுத்த தலைமுறை. நான்கு குழுக்கள் இதனைத் தனித்தனியே தொடர்ந்து செய்தால், ஒரு பை செம்மைப்படும், மற்றொன்று கருமைப்படும். பின்னர் ஒவ்வொரு தலைமுறையிலும் குழுக்கள் தமக்குள் இரண்டு விதைகளை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். ஒரு விலங்கு கடந்து வருவதற்கு அது நிகர். இரு நிறமும் நெடுங்காலம் நிலைப்பதை மாணவர் தம் கையாலேயே உணர்வர்.

3. சியோ லான் தீவுகளின் பாடம்

கோட்பாடு இருக்கட்டும், களத்தில் நிகழ்ந்தது என்ன?

தென் தாய்லாந்தில் சியோ லான் என்னும் நீர்த்தேக்கம் 1986, 1987 ஆண்டுகளில் நிரம்பியது. பள்ளத்தாக்கு மூழ்கியது, மலைமுகடுகள் நூற்றுக்கு அருகிய எண்ணிக்கையில் தீவுகளாயின. நேற்றுவரை ஒரே காடாக இருந்த இடத்தில் ஒவ்வொரு முகட்டின் விலங்குகளும் நீரால் சிறைப்பட்டன. எப்போது பிரிந்தன என்ற நாள் நமக்குத் துல்லியமாகத் தெரியும்; இயற்கையே வகுத்துத் தந்த ஆய்வுக்கூடம் போல அது அமைந்தது.

அங்கே சிறு பாலூட்டிகள் மூன்றின் மரபணு வேறுபாட்டை ஸ்ரீக்வான், உட்ரஃப் ஆகிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மரத்தில் வாழும் ஒரு சுண்டெலி, காட்டுத் தரையில் வாழும் ஓர் எலி, மலாய்ப் பெயர் தாங்கிய நம் மர மூஞ்சூறு ஆகியவையே அம்மூன்று. தீவான சில ஆண்டுகளுக்குள்ளேயே, அங்குள்ள கூட்டங்களில் மரபணு வேறுபாடு தேயத் தொடங்கியதை அவர்கள் கண்டனர்.

பின்னர் நிகழ்ந்தது மேலும் கடுமையானது. தீவுகளாகி ஏறத்தாழ 25 ஆண்டுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்த குழுவினர், அவற்றின் இயற்கையான சிறு பாலூட்டி இனங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டதை 2013இல் அறிவித்தனர். மலேசிய வயல் எலி என்னும் வந்தேறி எலி எங்கும் பெருகியிருந்தது. இங்கே ஒரு நுட்பத்தை மறவாதீர்கள். மரபணு தேய்ந்ததனால்தான் இனங்கள் அழிந்தன என்று சொல்லிவிட முடியாது. இடச்சுருக்கமும் வந்தேறி எலியின் போட்டியும் சேர்ந்தே அழித்தன. ஆனால் தொடர்ச்சி அறுந்தபின், இழந்ததை ஈடுசெய்ய வெளியிலிருந்து எவையும் வர இயலவில்லை. மறைந்த வடிவமும் மீளவில்லை. மறைந்த இனமும் மீளவில்லை.

4. சிங்கப்பூரின் சான்றுகள்

சியோ லானில் நீர் செய்ததைச் சிங்கப்பூரில் தோட்டப்பயிரும் சாலையும் கட்டடமும் செய்தன. 1819க்குப் பின் காசுக்கட்டி முதலிய பயிர்களுக்காகவும், பின்னர் நகர விரிவுக்காகவும் இத்தீவின் இயற்கைக் காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிக்கப்பட்டது. புரூக், சோதி, இங் ஆகிய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட கணக்கின்படி, இத்தீவில் பதிவான 3,196 உயிரினங்களுள் 881 மறைந்துவிட்டன. எஞ்சியவற்றிற் பாதிக்கு மேற்பட்டவை, நிலப்பரப்பில் மிகச் சிறு பங்கான இயற்கைக் காப்புக் காடுகளில் ஒதுங்கி வாழ்கின்றன.

மறைந்த இனத்தை எண்ணலாம். வாழும் இனத்திற்குள் மறைந்ததை எவ்வாறு எண்ணுவது? இதற்கு விடைதந்த ஆய்வு, நாம் எளிதிற் பொருட்படுத்தாத ஓர் உயிரைப் பற்றியது. நம் அடுக்குமாடிகளின் ஓரங்களிலும் நடைபாதைக் கூரைகளிலும் தொங்கும் சிறிய பழந்தின்னி வௌவால் அது. அரும்பொருளகத்தில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகப் பாதுகாக்கப்பட்ட வௌவால்களின் மரபணுக்களை, இக்கால வௌவால்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டு, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாலாஜி சட்டோபாத்யாய், கிருத்திகா கார்க், ஃபிராங்க் ரைண்ட் முதலியோர் 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். இனம் பெருக்கும் கூட்டத்தின் அளவு பன்மடங்கு சுருங்கியிருந்தது. மரபணு வேறுபாடும் உடன் குறைந்திருந்தது.

இம்முடிவு ஏன் முதன்மையானது? அவ்வௌவாலுக்குச் சிறகு உண்டு. சாலையும் மதிலும் அதற்குத் தடையல்ல. நகரத்தோடு இணங்கி வாழ்வது என்றே அதனைக் கருதி வந்தோம். அத்தகைய உயிருக்கே இந்நிலை எனில், தரையை விட்டு அகலாத சருகுமானுக்கும், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவும் அளவே எல்லையாக உள்ள காட்டணிலுக்கும் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அன்றாடம் கண்ணிற்படுவதாலேயே ஓர் உயிர் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்தல் ஆகாது.

சிறு பாலூட்டி அல்லவெனினும், ராஃபிள்ஸ் மந்தியின் கதையையும் இங்கே குறிப்பிட வேண்டும். புக்கிட் தீமாக் காட்டில் எஞ்சியிருந்த கடைசி மந்தியை 1987இல் நாய்கள் கொன்றன. மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதியில் மட்டும் ஒரு சிறு கூட்டம் பிழைத்தது. அது மெல்லப் பெருகி நாற்பதளவில் ஆன நிலையில், 2012இல் வெளியான ஆய்வு அவற்றிடையே மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்று காட்டியது. தலைகள் பெருகின, வேறுபாடு பெருகவில்லை. எண்ணிக்கை மீள்வதும் மரபு வளம் மீள்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

புக்கிட் தீமாக் காட்டையும் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் 1986இல் பிரித்தது புக்கிட் தீமா விரைவுச்சாலை. அச்சாலையின் மேல், ஏறத்தாழ 62 மீட்டர் நீளமும், மிகக் குறுகிய இடத்தில் 50 மீட்டர் அகலமும் கொண்ட 'ஈக்கோ-லிங்க்' என்னும் விலங்குப் பாலம் 2013இல் நிறைவுற்றது. மண் பரப்பி, இவ்வட்டாரத்திற்கே உரிய மரஞ்செடிகள் நட்ட அப்பாலம் மனித நடமாட்டத்திற்கு அன்று. அழுங்கு, மரநாய், சிறிய காட்டணில் முதலியவை அதனைப் பயன்படுத்துவதைக் கண்காணிப்பு காட்டியுள்ளது.

ஆயினும், கருவி படம்பிடிப்பது கடத்தலை மட்டுமே. கடந்து சென்ற அணில் அக்கரையில் துணை தேடியதா, குட்டி ஈன்றதா, அக்குட்டிகள் பிழைத்தனவா என்பதைப் படம் சொல்லாது. மரபணு ஒன்றே சொல்லும். அதுவும் சில தலைமுறை கழிந்த பின்னரே சொல்லும். வழி அமைப்பது சில ஆண்டுப் பணி. அது தடமாயிற்றா என்று அறிவது பல ஆண்டுப் பணி.

5. புக்கிட் மேராவின் குன்றுகள்

இனி நாம் வாழும் வட்டாரத்திற்கு வருவோம். 'புக்கிட் மேரா' என்பதற்குச் செங்குன்று என்று பொருள். ஃபேபர் குன்று, தெலுக் பிளாங்கா குன்று, கென்ட் ரிட்ஜ் எனத் தென்கரை நெடுகக் குன்றுகள் தொடர்கின்றன. இவற்றுள் ஃபேபர் குன்று, சென்னைப் படையின் பொறியாளர் பிரிவைச் சார்ந்த கேப்டன் சார்ல்ஸ் எட்வர்ட் ஃபேபர் என்பவர் பெயரால் 1845இல் பெயர் மாற்றம் பெற்றது. பெயரில் சென்னைத் தொடர்பு உண்டு. நிலத்தில் தொடர்பு அறுந்தது. ஹெண்டர்சன் சாலையும் அலெக்சாண்ட்ரா சாலையும் குன்றுகளின் இடையே செல்கின்றன. கடற்கரையோர லாப்ரடோர் இயற்கைக் காப்பிடத்துக்கும் குன்றுகளுக்கும் இடையே நெடுஞ்சாலை குறுக்கிடுகிறது.

ஹெண்டர்சன் சாலைக்கு 36 மீட்டர் உயரத்தில், 274 மீட்டர் நீளத்தில் அலையலையாக அமைந்த 'ஹெண்டர்சன் வேவ்ஸ்' பாலம் 2008இல் திறக்கப்பட்டது. மாணவர்களே, விடுமுறையில் அதன் மேல் நடந்திருப்பீர்கள். ஃபேபர் குன்றையும் தெலுக் பிளாங்கா குன்றையும் அது நமக்கு இணைக்கிறது. அணிலுக்கு இணைக்கிறதா? அதன் தளம் மரப்பலகையால் ஆனது; மண்ணும் புதரும் கிளைநிழலும் அதில் இல்லை. ஈக்கோ-லிங்க் பாலத்தையும் இதனையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் பாலங்களே, ஒன்று விலங்குக்காகக் கட்டப்பட்டது, மற்றொன்று நமக்காக. மனிதர் வரைபடத்தில் தொடர்ச்சியாகத் தோன்றும் பசுமை, ஒவ்வோர் உயிரின் கண்ணுக்கும் தொடர்ச்சியாகத் தோன்றுவதில்லை. வௌவாலுக்குத் தொடர்ச்சியானது அணிலுக்குத் துண்டு. அணிலுக்குத் தொடர்ச்சியானது மர மூஞ்சூறுக்குத் துண்டாக இருக்கலாம்.

இவ்வட்டாரத்தில் இவ்வினா வெறும் பாடநூல் வினா அன்று. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீண்ட பழைய இரயில் பாதை, 2011இல் இரயில்கள் நின்றபின் பசுமைப் பாதையாக விடப்பட்டது. தென்பகுதியின் குன்றுகளுக்கும் வடக்கே உள்ள காடுகளுக்கும் இடையே இந்நகரம் வைத்திருக்கும் நீண்ட பசுங்கோடு அதுவே. லாப்ரடோருக்கும் தென்குன்றுகளுக்கும் இடைப்பட்ட பழைய கெப்பல் குழிப்பந்தாட்டத் திடலில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழவிருக்கின்றன. அவ்வீடுகளின் ஊடே பசுமை வழித்தடங்கள் அமைப்பதாகவும் திட்டம் கூறுகிறது. வீடு வேண்டும்; இளைய தலைமுறைக்கு வீடு தேவையில்லை என்று எவரும் சொல்லார். ஆனால் வழித்தடம் எத்தனை அகலம், எவ்வகை மரம், இரவில் எத்தனை விளக்கு, சாலையைக் கடக்குமிடத்தில் கிளையோடு கிளை சேருமா என்பவையே அது தடமா, வெறும் கோடா என்பதைத் தீர்மானிக்கும். அலங்காரத்திற்காகத் தள்ளித் தள்ளி நட்ட மரவரிசை நம் கண்ணுக்குப் பசுமை. கிளை எட்டாத அணிலுக்கு அது வெளி.

6. மொழி ஒப்புமையும் அதன் எல்லையும்

இப்போது நம் துறைக்குத் திரும்புவோம். உயிரினங்களின் பிறப்புக்கும் மொழிகளின் பிறப்புக்கும் இடையே விந்தையான ஒப்புமை உண்டு என்பதை டார்வின் 1871இலேயே குறித்தார். மறு ஆண்டே மொழியியலறிஞர் யோகான்னஸ் ஷ்மிட், மொழி மாற்றம் அலைபோல அண்டை அயலுக்குப் பரவும் என்னும் கோட்பாட்டை முன்வைத்தார். ஊர்விட்டு ஊர் செல்லச் செல்ல வழக்கு சிறிது சிறிதாக வேறுபடுவதும், தொலைவு மிகுந்தோறும் மரபணு வேற்றுமை மிகுவதும் ஒரே வகையான காட்சிகள்.

நீண்ட காலப் பிரிவு புதியன படைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் பெருந்திரளாக வாழ்ந்த மக்களின் பேச்சு, நூற்றாண்டுகளில் தமிழ் என்றும் மலையாளம் என்றும் இரு மொழிகளாயிற்று. அதே மலைத்தொடரை அறுக்கும் பாலக்காட்டுக் கணவாய் மனிதர்க்கு வாயில். அங்கே இரு மொழிகளும் கலந்து வழங்குகின்றன. மலைக்காட்டு உயிர்கள் பலவற்றுக்கோ அது தடை. கணவாயின் வடக்கிலும் தெற்கிலும் வாழும் யானைக் கூட்டங்கள் மரபணுவில் வேறுபடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே நிலம் ஒருவர்க்கு வழி, ஒருவர்க்கு மதில்! இத்தகைய பழம்பிரிவுகளைப் பாலம் கட்டி அழிக்க வேண்டியதில்லை. அவை உயிர் வகைமையின் ஊற்றுகள். நாம் வருந்துவது, பெருங்கூட்டமாக இருந்ததைச் சில பத்தாண்டுகளில் சிறு துண்டுகளாக்கும் புதுப்பிரிவுக்கே. அது எதையும் படைப்பதற்கு முன்னரே உள்ளதை இழந்துவிடுகிறது. மொழியிலும் அவ்வாறே. மலாக்கா செட்டிகள் என்னும் சிறு சமூகம், தாயகத் தொடர்பு அருகியபின், வழிபாட்டையும் பழக்கங்கள் பலவற்றையும் காத்துக்கொண்டது. பேச்சில் தமிழ் நீங்கி, மலாய் சார்ந்த கலப்பு மொழி இடம்பெற்றது.

ஆனால் ஒப்புமைக்கு எல்லை உண்டு. ஒரு சொல்லாலேயே அதனைக் காட்டலாம். எட்வர்ட் சபீர் 1921இல் மொழியின் 'நகர்வு' பற்றி எழுதினார். மரபியலாரும் 'நகர்வு' என்கின்றனர். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல். எனினும் பொருள் ஏறத்தாழ எதிரானது. சபீர் சொன்ன நகர்வுக்குத் திசை உண்டு. பேச்சுத் தமிழில் சொல்லிறுதி மெல்லினம் மறைந்து முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுவது பல வட்டாரங்களிலும் ஒரே போக்கில் நிகழ்வதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மரபியல் நகர்வுக்குத் திசையே இல்லை. அது குருட்டுத் தற்செயல். கலைச்சொல் ஆக்குவோர் இவ்வேறுபாட்டை உணர்த்தத் 'தற்செயல் நகர்வு' என்று அடைகொடுத்து வழங்கலாம் என்பது நம் பரிந்துரை.

இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. மொழி பிறப்பால் மட்டும் வருவதன்று. தாயிடமிருந்து வராத சொல்லை ஆசிரியரிடமிருந்தும் நூலிலிருந்தும் வானொலியிலிருந்தும் நண்பரிடமிருந்தும் பெறலாம். பாட்டி மறந்த சொல்லைப் பேத்தி அகராதியிலிருந்து மீட்கலாம். மொழிக்கு வழிகள் பல. அணிலுக்கு வழி ஒன்றே. மறைந்த மரபணு வடிவம் ஒரு கூட்டத்திற்குத் திரும்ப வேண்டுமாயின், அதனைத் தாங்கிய ஓர் உயிர் தன் நான்கு கால்களால் கடந்து வந்து அங்கே குட்டி ஈன்றாக வேண்டும். அதற்குப் பள்ளி இல்லை, நூல் இல்லை. 'மொழியைப் போலவே உயிரும் தழைக்கும்' என்று ஒப்புமையால் ஆறுதல் கொள்வது தவறாகும். உயிரின் நிலை மொழியின் நிலையினும் கடுமையானது.

7. நிறைவாக

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் இணைந்து, மாணவரைத் தென்குன்றுகளுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். எங்கே மரக்கிளைகள் சாலைக்கு மேல் ஒன்றையொன்று தொடுகின்றன, எங்கே தொடவில்லை என்று அவர்கள் குறிக்கட்டும். கண்ட விலங்கின் பெயரைத் தமிழிலும் மலாயிலும் எழுதட்டும். ஓர் அணில் ஃபேபர் குன்றிலிருந்து லாப்ரடோர் வரை செல்ல வேண்டுமாயின் எந்தெந்த இடத்தில் தரையிறங்க நேரும் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதட்டும். அப்பக்கம் நல்ல கட்டுரையாகவும் நல்ல வரைபடமாகவும் அமையும்.

நம் மரபில் அணிலுக்கும் பாலத்துக்கும் உள்ள உறவை நீங்கள் அறிவீர்கள். சேது கட்டியபோது மணலில் புரண்டு உதவிய அணிலின் கதையைத் தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையும் போற்றுகிறது. அதன் முதுகில் இராமர் வருடிய கோடுகள் மூன்று என்பது நாட்டார் வழக்கு. சிங்கப்பூரில் நாம் அன்றாடம் காணும் அணில் வேறினம். அதன் முதுகில் அக்கோடுகள் இல்லை. விலாவில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடும், வயிற்றில் செம்பழுப்பு நிறமும் உண்டு. அவ்வணில் நமக்குப் பாலம் கட்ட வரவில்லை. அதற்கு ஒரு பாலம் கட்டித் தருவது இப்போது நம் முறை. தலைமுறைக்கு ஒன்றிரண்டு அணில்கள் கடந்தாலும் போதும் என்று கணக்குச் சொல்கிறது. அவ்வொன்றிரண்டுக்கான வழியை அடைக்காதிருப்போம்.